கடைசி பெல் அடிச்சதுக்கப்புறம்: வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஸ்கூல் முடிக்கப்போற பசங்க அனுப்புனது. மிச்சம் அவங்க அப்பா அம்மா, டீச்சர், அப்புறம் எப்பவோ ஸ்கூல் முடிச்சிட்டு இன்னமும் அதையே பேசிட்டு இருக்கிற ஆளுங்க (குறை சொல்லல, நானும் அந்த கூட்டம்தான்). அதனால மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளிட்டு இந்த ஒரு விஷயத்த மட்டும் எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: ஃபேர்வெல் அன்னிக்கு மொத்த கிளாஸும் அழுதுச்சு, எனக்கு மட்டும் ஒரு சொட்டு கண்ணீர் வரல. எனக்கு பாசமே இல்லையா? (ஒரு மாணவி)

அழாதவங்கள யாரும் ஃபெயில் பண்ண மாட்டாங்கமா. சிலருக்கு அந்த நிமிஷமே வரும், சிலருக்கு ரெண்டு மாசம் கழிச்சு புது இடத்துல யாருமே தெரியாம உக்காந்திருக்கும்போது வரும், சிலருக்கு வரவே வராது, மூணுமே சரிதான். அன்னிக்கு மேக்கப் கலையக்கூடாதுன்னு அடக்குனவங்களும் உங்க கிளாஸ்ல இருந்திருப்பாங்க, அவங்க உங்களுக்கு லெட்டர் போட்டு சொல்ல மாட்டாங்க அவ்வளவுதான்.

கேள்வி: ஸ்கூல் முடிச்சு 25 வருஷம் ஆச்சு. பழைய குரூப் போட்டோவ எடுத்து பார்த்தா முகமெல்லாம் நல்லா தெரியுது, ஆனா பாதி பேரோட பேர் வாய்க்கு வர மாட்டேங்குது. மறதி வியாதிக்கு ஆரம்பமோன்னு பயமா இருக்கு. (ஒரு வாசகர்)

அத நினைச்சு பயப்படாதீங்க சார், இதுக்கு ரொம்ப அழகான ஒரு ஆராய்ச்சியே இருக்கு. 1975ல பாரிக்னு ஒரு உளவியல் ஆராய்ச்சியாளரும் அவரு கூட ரெண்டு பேரும் சேர்ந்து, அமெரிக்காவுல ஸ்கூல் முடிச்ச 392 பேர பிடிச்சு, அவங்கவங்க இயர்புக்கையே (கூட படிச்சவங்க போட்டோ, பேரெல்லாம் போட்டு ஸ்கூல்ல குடுக்கிற புக்) வச்சு டெஸ்ட் வச்சாங்க. இதுல ஸ்கூல் முடிச்சு சில வாரம் ஆனவங்களும் உண்டு, 48 வருஷம் ஆனவங்களும் உண்டு. போட்டோவ காட்டி "இதுல உங்க கூட படிச்சது யாரு"ன்னு கேட்டா, 15 வருஷம் ஆனவங்களும் 90 சதவீதம் கிட்ட கரெக்டா காட்டிட்டாங்க, 48 வருஷம் ஆனவங்களே கிட்டத்தட்ட 70 சதவீதம். ஆனா எதையும் காட்டாம "உங்க கிளாஸ்ல இருந்தவங்க பேரெல்லாம் சொல்லுங்க"ன்னா 15 வருஷத்துலயே 60 சதவீதமா இறங்கிடுச்சு, 48 வருஷத்துல 30தான். அதாவது பேர் அழிஞ்சு போகல, உள்ளதான் எங்கயோ கிடக்குது, யாராவது ஒரு க்ளூ குடுத்தாதான் வெளிய வரும். அடுத்த தடவை போட்டோ பாக்கும்போது பழைய ஃப்ரெண்டு ஒருத்தருக்கு போன போட்டு ரெண்டு பேரும் சேர்ந்து பாருங்க, அவரு ஒரு பட்டப்பேர சொன்ன உடனே உங்களுக்கு நாலு பேர் வரும். (தினசரி விஷயமே மறக்குது, வழக்கமா போற வழியே தெரியலன்னா அது வேற, அப்ப டாக்டர பாருங்க.)

இப்ப முடிக்கிற பசங்களுக்கும் இதுலயே ஒரு வேலை இருக்கு. குரூப் போட்டோ கைக்கு வந்த அன்னிக்கே, பின்பக்கம் வரிசை வரிசையா, இடமிருந்து வலம், இனிஷியலோட முழுப்பேரும் எழுதி வைங்க. இப்ப கேட்டா "இதெல்லாம் எதுக்கு, எனக்கு எல்லாரையும் தெரியுமே"ம்பீங்க. மேல கேள்வி கேட்ட சாரும் அன்னிக்கு அப்படித்தான் நினைச்சிருப்பாரு.

கேள்வி: என் வீட்டுக்காரர் ஸ்கூல்ல தான்தான் கணக்குல டாப்புன்னு பசங்ககிட்ட அடிச்சு விடுறாரு. அவரோட அம்மா சிரிக்கிறாங்க. யார நம்புறது? (பேர் போட வேணாம்னு கேட்டுக்கிட்ட வாசகி)

மார்க் ஷீட்ட நம்புங்க.

ஆனா அவரு பொய் சொல்றாருன்னு முடிவு கட்டிடாதீங்க மேடம். அதே பாரிக் 1996ல இதையும் தோண்டி எடுத்தாரு. 99 காலேஜ் பசங்ககிட்ட அவங்க ஹைஸ்கூல் கிரேட எல்லாம் சொல்ல சொல்லி, அப்புறம் நிஜ ரெக்கார்டோட ஒத்துப் பார்த்தாரு. ஏ கிரேடு வாங்குனதெல்லாம் 89 சதவீதம் கரெக்டா ஞாபகம் இருந்துச்சு, டி வாங்குனது 29 சதவீதம்தான். தப்பு பண்ணதுலயும் பெரும்பாலும் கூட்டித்தான் சொல்லியிருக்காங்க, கொறைச்சு சொன்னவங்க ரொம்ப கம்மி. அதுவும் ஸ்கூல் முடிச்சு கொஞ்ச காலமே ஆன பசங்க. உங்க வீட்டுக்காரருக்கு எத்தன வருஷம் ஆச்சுன்னு நீங்களே கணக்கு போட்டுக்கோங்க, மனசு அவருக்கு தெரியாமலே மார்க்க ஏத்தி வச்சிருக்கும். மார்க் ஷீட் இருந்தா பத்திரமா வச்சிருங்க, பசங்க முன்னாடி மட்டும் காட்டாதீங்க.

கேள்வி: பத்து வருஷம் கழிச்சு என்ன ஆவேன்னு கிளாஸ்ல எல்லாரும் எழுதி குடுக்கணுமாம். எல்லாரும் டாக்டர், இன்ஜினியர், பிசினஸ்னு எழுதுறாங்க. எனக்கு நிஜமாவே ஒண்ணும் தோணல. வெறும் பேப்பர் குடுக்கவா? (கடைசி பெஞ்ச்)

தம்பி, எல்லாரும் அதையே எழுதுறாங்கல்ல, அதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். பல நாட்டு பசங்களுக்கு நடத்துற பீசா (PISA)ங்கிற சர்வதேச தேர்வுல, 2018ல, 15 வயசு பசங்ககிட்ட "30 வயசுல என்ன வேலையில இருப்பே"ன்னு கேட்டிருந்தாங்க. 41 நாட்டு பதில்கள சேர்த்து பார்த்தா, பசங்கள்ல 47 சதவீதம், பொண்ணுங்கள்ல 53 சதவீதம், வெறும் பத்தே பத்து வேலைக்குள்ள அடங்கிட்டாங்க. டாக்டர், டீச்சர், இன்ஜினியர், மேனேஜர், போலீஸ், இப்படி. உலகத்துல பத்து வேலைதான் இருக்குன்னு இல்ல, அந்த வயசுல கண்ணுல படுறது அவ்வளவுதான். அதனால உன் ஃப்ரெண்ட்ஸுக்கு எல்லாமே தெளிவா இருக்கு, உனக்கு மட்டும் மண்டை காலின்னு நினைக்காத, அவங்கள்ல பாதி பேரு தெரிஞ்ச பேர எழுதி பேப்பர குடுத்துட்டு கிளம்பியிருப்பாங்க.

இன்னொண்ணு சொல்றேன், இது எனக்கு ரொம்ப பிடிச்ச ஆராய்ச்சி. 2013ல க்வாய்ட்பாக், கில்பர்ட், வில்சன்னு மூணு பேரு சயின்ஸ் பத்திரிகையில எழுதுனது, 18லேர்ந்து 68 வயசு வரைக்கும் 19,000 பேருக்கு மேல கேட்டிருக்காங்க. சில பேர்கிட்ட "போன பத்து வருஷத்துல எவ்வளவு மாறியிருக்கே"ன்னு கேட்டாங்க, சில பேர்கிட்ட "வர்ற பத்து வருஷத்துல எவ்வளவு மாறுவே"ன்னு கேட்டாங்க. எந்த வயசுக்காரங்கள எடுத்தாலும் ஒரே கதை, திரும்பிப் பாத்தா நிறைய மாறியிருக்கேன்னு தெரியுது, முன்னாடி பாத்தா இனிமே பெருசா மாற மாட்டேன்னு தோணுது. பாட்டு விஷயத்துல கூட கேட்டிருக்காங்க. இப்ப பிடிச்ச பாடகரோட கச்சேரிய பத்து வருஷம் கழிச்சு பாக்க எவ்வளவு குடுப்பேன்னா பெரிய தொகை சொன்னாங்க, பத்து வருஷத்துக்கு முன்னாடி பிடிச்ச பாடகர இப்ப பாக்க எவ்வளவு குடுப்பேன்னா சின்ன தொகை. முதல் தொகை ரெண்டாவதை விட 61 சதவீதம் அதிகம். இத்தனைக்கும் ரெண்டுமே பத்து வருஷ இடைவெளிதான்.

இதுல உனக்கு என்ன இருக்குன்னா, 28 வயசுல இருக்கப்போற அந்த ஆளு யாருன்னு உனக்கும் தெரியாது, டாக்டர்னு எழுதுனவனுக்கும் தெரியாது, அதனால வேலைப் பேர் எழுதித்தான் ஆகணும்னு இல்ல. எந்த வேலை செய்யும்போது மணி பாக்க மறந்துடுற, எது செஞ்சா அஞ்சு நிமிஷத்துல கொட்டாவி வருது, யாரோட சண்டை போட்டாலும் மறுநாள் பேசிடுவே, எந்த விஷயத்துல யார் சொன்னாலும் கேக்க மாட்டே, இத எழுது. இதெல்லாம் இன்னிக்கு உனக்கு உண்மையா தெரிஞ்ச தகவல், யாரையும் பாத்து எழுத வேண்டியதில்ல. வெறும் பேப்பர் குடுக்காத, டீச்சருக்கு கோவம் வரும், எனக்கும் பிடிக்காது.

கேள்வி: என் பையன் சொந்தமா யோசிக்கவே மாட்டேங்குறான். அவன் ஃப்ரெண்டு எந்த கோர்ஸோ அதே கோர்ஸ்தான் வேணுமாம். என்ன பண்றது? (ஒரு அம்மா)

அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநிலத்துல 1957ல ஸ்கூல் முடிச்ச பசங்கள்ல மூணுல ஒரு பங்க குலுக்கல் மாதிரி எடுத்து, 10,317 பேரு, அவங்க வயசாகி ரிட்டயர் ஆகுற வரைக்கும் விடாம பின்தொடர்ந்து கேட்டுக்கிட்டே வந்திருக்காங்க. ஒரு கடைசி வருஷ கிளாஸ் என்ன கனவு கண்டுச்சு, கடைசியில என்ன ஆச்சுன்னு இவ்வளவு நாள் கூடவே போய் பாத்த ஆராய்ச்சி ரொம்ப அபூர்வம். அத வச்சு ஸ்யூவெல்ங்கிறவரும் அவரோட குழுவும் 1969ல எழுதுனதுல முக்கியமான விஷயம், ஒரு பிள்ளை எவ்வளவு படிக்கணும், என்ன ஆகணும்னு ஆசைப்படுறதுல மூணு பேரோட கை இருக்கு: பெத்தவங்க, டீச்சருங்க, அப்புறம் கூட படிக்கிற ஃப்ரெண்ட்ஸ் போட்டு வச்சிருக்கிற பிளான். ஆக உங்க பையன் ஒண்ணும் விசித்திரமா பண்ணிடல, எல்லாரும் பண்றதுதான், இவன் கொஞ்சம் வெளிப்படையா பண்றான்.

திட்டாம ஒரே ஒரு கேள்வி கேட்டு பாருங்க: "நாளைக்கு உன் ஃப்ரெண்டு மனசு மாறி வேற கோர்ஸ் எடுத்துட்டா, நீ இதே கோர்ஸ்க்கு போவியா?" ஆமான்னா விட்டுடுங்க, கூட ஒரு தெரிஞ்ச முகம் இருக்கிறது நல்லதுதான். இல்லன்னு சொன்னா, இல்ல பதில் சொல்லாம எந்திரிச்சு போயிட்டான்னா, அப்ப உக்காந்து பேசுங்க. அந்த மூணு பேர்ல நீங்களும் ஒருத்தர், மறந்துடாதீங்க.

கேள்வி: நாங்க ஏழு பேரு, எப்பவும் ஒண்ணாத்தான் இருப்போம். எல்லாரும் வேற வேற ஊருக்கு போறோம். வாட்ஸ்ஆப் குரூப் இருக்கு, அதனால பிரிய மாட்டோம்தானே? (ஏழுல ஒருத்தி)

குரூப் இருக்கும்மா, அதுல சந்தேகமே வேணாம். முதல் மாசம் நாளைக்கு முந்நூறு மெசேஜ் வரும், அப்புறம் பிறந்தநாளுக்கு மட்டும் வரும், அப்புறம் யாரோ காலைல பூ படம் போடுவாங்க, மத்த ஆறு பேரும் ம்யூட்ல போட்டிருப்பீங்க. நக்கல் பண்ணல, பெரும்பாலான குரூப்போட கதை இதுதான்.

ஏன் ஸ்கூல் நட்பு அவ்வளவு கெட்டியா இருக்குன்னு பாத்தா, பெரிய காரணம் நேரம். ஜெஃப்ரி ஹால்னு கன்சாஸ் பல்கலைக்கழகத்து பேராசிரியர் 2018ல வெளியிட்ட கணக்குப்படி, சும்மா தெரிஞ்சவங்க சாதாரண ஃப்ரெண்டாக சுமாரா 50 மணி நேரம், நல்ல ஃப்ரெண்டாக 90, நெருங்கின ஃப்ரெண்டாக 200 மணி நேரத்துக்கு மேல சேர்ந்து செலவழிக்கணும். அதுவும் வேலைக்காக ஒரே இடத்துல இருந்த நேரம் அவ்வளவா கணக்குல வராது, சும்மா பேசி சிரிச்சு சுத்துன நேரம்தான் வேலை செய்யும். ஸ்கூல்ல அந்த 200 மணி நேரம் உங்களுக்கு தெரியாமலே ஓடிடுச்சு, யாரும் டைரியில குறிச்சு நேரம் ஒதுக்கல. வெளிய போனா ஒவ்வொரு மணி நேரத்தையும் நீங்களா ஒதுக்கணும், அங்கதான் எல்லாரும் மாட்டிக்கிறாங்க.

ராபர்ட்ஸ், டன்பார்னு ரெண்டு பேரு ஸ்கூல் கடைசி வருஷத்துல இருந்த 30 மாணவர்கள ஒன்றரை வருஷம் தொடர்ந்து பாத்தாங்க, காலேஜுக்கோ வேலைக்கோ போன பின்னாடியும். சொந்தக்காரங்களோட நெருக்கம் பெருசா அசையல, ஃப்ரெண்ட்ஸோட நெருக்கம்தான் கண்டுக்காம விட்டா இறங்குச்சு. பொண்ணுங்களுக்கு நட்ப தாங்கிப் பிடிச்சது பேச்சு, பசங்களுக்கு சேர்ந்து எதாச்சும் செய்றது, வெளையாட்டு, சுத்துறது, இப்படி. பசங்க போன்ல எவ்வளவு பேசுனாலும் அது மட்டும் போதல. 30 பேர வச்சு உலகத்துக்கே சட்டம் போட முடியாதுதான், ஆனாலும் எனக்கு தெரிஞ்ச நட்புகள ஓட்டிப் பாத்தா பொருந்துது.

அதனால ஏழு பேரும் ஏழு பேரோடயும் ஒரே மாதிரி ஒட்டிட்டு இருக்கணும்னு சத்தியம் வாங்காதீங்க, அது நடக்காது, நடக்கலன்னு ஒருத்தர் மேல ஒருத்தர் கோவம்தான் மிஞ்சும். ரெண்டு மூணு பேரோட தனியா போன் பேசுற பழக்கம் இருக்கட்டும், வருஷத்துக்கு ஒரு தடவை நேர்ல பாக்க ஒரு தேதி இருக்கட்டும். அந்த தேதிய இப்பவே முடிவு பண்ணிடுங்க, "பாக்கலாம்டி"ன்னு விட்டா பாக்க மாட்டீங்க.

கேள்வி: பழைய ஸ்கூல் போட்டோல எல்லாம் ஏன் யாருமே சிரிக்க மாட்டாங்க?

அப்ப அதுதான் மரியாதை. 1905லேர்ந்து 2013 வரைக்கும் அமெரிக்க ஸ்கூல் இயர்புக்ல வந்த கிட்டத்தட்ட 38,000 போட்டோவ கம்ப்யூட்டர்ல போட்டு அலசுனதுல, சிரிப்பு காலப்போக்குல அகலமாகிட்டே வந்தது தெளிவா தெரிஞ்சுச்சு. அதனால தாத்தா போட்டோல முறைக்கிறாருன்னா அவருக்கு ஸ்கூல் பிடிக்கலன்னு அர்த்தம் இல்ல.

கேள்வி: எல்லாரும் ஸ்கூல் நாட்கள் சொர்க்கம்னு பேசுறாங்க. எனக்கு அது நரகம். தினமும் கிண்டல், அடி. இப்ப ரீயூனியன்னு கூப்பிடுறாங்க, போகலன்னா திமிருன்னு சொல்வாங்க. போகணுமா? (40 வயசு வாசகர்)

வேணாம். மனசுக்கு பிடிச்சா போங்க, இல்லன்னா காரணம் கூட சொல்ல வேண்டியதில்ல.

"சின்ன வயசு விஷயம், இன்னுமா ஞாபகம் வச்சிருக்கே"ன்னு யாராச்சும் கேட்டா இத சொல்லுங்க. பிரிட்டன்ல 1958 மார்ச்ல ஒரே வாரத்துல பிறந்த குழந்தைங்கள வாழ்நாள் முழுக்க தொடர்ந்து வர்ற ஆய்வு ஒண்ணு இருக்கு. அதுல 7,771 பேரோட விவரத்த வச்சு 2014ல வந்த கட்டுரை, 7 வயசுலயும் 11 வயசுலயும் அடிக்கடி கொடுமைக்கு ஆளானவங்களுக்கு 50 வயசுல கூட மன உளைச்சல் அதிகமா இருக்குன்னு காட்டுச்சு. கிட்டத்தட்ட நாப்பது வருஷம் கழிச்சு. அது உங்க பலவீனம் இல்ல சார். அந்த கிளாஸ்ல உங்ககிட்ட நல்லபடியா இருந்த ஒருத்தர் யாராச்சும் இருந்தா அவரை மட்டும் தனியா பாருங்க, மண்டபத்துல அம்பது பேர் நடுவுல போய் நின்னு சிரிக்கணும்னு கட்டாயம் இல்ல. இன்னமும் தூக்கத்த கெடுக்குதுன்னா ஒரு மனநல ஆலோசகர்கிட்ட பேசுங்க, இதுக்காகவும் போகலாம்.

கேள்வி: நான் வகுப்பு ஆசிரியர். வருங்கால தனக்கு லெட்டர் எழுத சொன்னா எல்லாரும் "நல்லா இருப்பன்னு நம்புறேன்"னு நாலு வரி எழுதி குடுத்துடுறாங்க. எப்படி எழுத வைக்கிறது?

டீச்சர், ரெண்டு வழி சொல்றேன். ஒண்ணு, கேள்விய மாத்துங்க. மேல சொன்ன அதே 1958 பிரிட்டன் பசங்களுக்கு 11 வயசு ஆனப்ப, 1969ல, "உனக்கு இப்ப 25 வயசுன்னு வச்சுக்கோ, நீ வாழ்ற வாழ்க்கை, உன் வீடு, உன் வேலை, உனக்கு ஈடுபாடு உள்ள விஷயங்கள் பத்தி எழுது"ன்னு கட்டுரை எழுத வச்சாங்க, பத்தாயிரத்துக்கு மேல வந்துச்சு. "என்ன ஆவே"ன்னு கேக்கல, ஆகிட்டேன்னு வச்சுக்க சொல்லிட்டாங்க, அதுலதான் விஷயமே இருக்கு. நீங்க இன்னும் இறக்கி, ஒரு சாதாரண செவ்வாக்கிழமை காலைல எந்திரிச்சதுலேர்ந்து படுக்கிற வரைக்கும் எழுத சொல்லுங்க. யார் பக்கத்துல இருக்கா, என்ன சத்தம் கேக்குது, யார்கிட்ட எரிச்சல் வருது. இதுல "நல்லா இருப்பேன்"னு தப்பிக்கவே முடியாது.

ரெண்டாவது, பதிலும் எழுத வைங்க. சிஷிமா, வில்சன்னு ரெண்டு பேரு ஜப்பான்ல ஹைஸ்கூல் பசங்கள மூணு வருஷம் கழிச்சு இருக்கப்போற தனக்கு லெட்டர் எழுத வச்சாங்க. ஒரு பாதி பசங்க அதோட நிறுத்திட்டாங்க, இன்னொரு பாதிய அந்த மூணு வருஷம் பெரிய ஆளா மாறி உக்காந்து பதில் லெட்டரும் எழுத வச்சாங்க. பதிலும் எழுதுன பசங்களுக்குத்தான் வருங்கால தன்னோட ஒட்டுதலும், மேல என்ன பண்ணலாம்ங்கிற யோசனையும் அதிகமாச்சு. ஒரு பீரியடு போதும். திருத்தாதீங்க, மார்க்கும் போடாதீங்க, சிவப்பு பேனாவ அன்னிக்கு வீட்டுலயே விட்டுட்டு வந்துடுங்க.

கேள்வி: எங்க கிளாஸ் லெட்டர், போட்டோ, பென்டிரைவ் எல்லாம் ஒரு பெட்டியில போட்டு கிரவுண்டுல புதைக்கப் போறோம். 20 வருஷம் கழிச்சு எடுப்போம். ஐடியா எப்படி?

புதைக்கிறது ஈசி, எடுக்கிறதுதான் கஷ்டம். அமெரிக்காவுல எம்ஐடிங்கிற பெரிய தொழில்நுட்ப பல்கலைக்கழகத்து இன்ஜினியருங்களே 1939ல ஒரு பெட்டிய புது சைக்ளோட்ரானோட (அணு ஆராய்ச்சிக்கான மெஷின்) 18 டன் காந்தத்துக்கு அடியில வச்சாங்க, 50 வருஷம் கழிச்சு திறக்கணும்னு. அந்த தேதி வந்தப்ப ஒருத்தருக்கும் ஞாபகம் இல்ல, அப்புறம் ஞாபகம் வந்தப்ப 18 டன்ன யார் தூக்குறது? அவங்களுக்கே அந்த கதின்னா நாமெல்லாம் எந்த மூலைக்கு. மண்ணுக்குள்ள ஈரமும் இறங்கும், கட்டடமும் வரும். பூட்டுன அலமாரி போதும், எங்க இருக்கு, எப்ப திறக்கணும்னு குறைஞ்சது நாலு பேர் வீட்டுல எழுதி வைங்க.

பென்டிரைவ நம்பாதீங்க, வருஷக்கணக்கா கரண்ட் காட்டாம வச்சா உள்ள இருக்கிறது போக வாய்ப்பு இருக்கு. கூகுள் அக்கவுண்டுல போட்டு விட்டா ஆச்சுன்னும் நினைக்காதீங்க, ரெண்டு வருஷம் யாரும் திறக்காத தனிநபர் அக்கவுண்ட அழிக்கலாம்னு அவங்க விதியே இருக்கு, 2023 டிசம்பர்லேர்ந்து அழிக்கவும் ஆரம்பிச்சாங்க. பேப்பர்ல எழுதுங்க, போட்டோவ பிரிண்ட் போட்டு வைங்க, செல்லோடேப் ஒட்டாதீங்க, அது மஞ்சளாகி பேப்பரையும் கெடுத்துடும். பில்லு மாதிரி வர்ற தெர்மல் பிரிண்ட உள்ள போடவே போடாதீங்க, திறக்கும்போது வெள்ளைத் தாள்தான் இருக்கும்.

கேள்வி: ஆட்டோகிராஃப் நோட்டுல எல்லாரும் "எப்பவும் இப்படியே இரு, மாறிடாத"ன்னே எழுதுறாங்க. வேற என்ன எழுதலாம்?

அவங்ககிட்ட நீ மட்டும் கவனிச்ச ஒரு விஷயம். லேட்டா வந்தா எப்படி மூச்சு வாங்குவா, யாருக்காக ஒரு தடவை டீச்சர்கிட்ட எதுத்து பேசுனா, எந்த ஜோக்குக்கு எல்லாரும் சிரிச்சு முடிச்ச பின்னாடி சிரிப்பா. ரெண்டு வரி போதும். கீழ தேதி, உன் முழுப்பேர். "உன் அன்பு குட்டி"ன்னு மட்டும் போட்டுட்டு போயிடாத, கிளாஸுக்கு மூணு குட்டி இருப்பீங்க.